தக்கைச் சட்டையோடு கடலடியில்: இலவச ஒலிநூல் கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

பூமியின் மையத்துக்குப் போகும் ஜூல் வெர்னின் நாவலை முதல்முறை ஒலிநூலாகக் கேட்டபோது பஸ்ஸில் உட்கார்ந்து குழம்பிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த கதையில் பேராசிரியர் பெயர் லீடன்பிராக், கூடப் போகும் பையன் ஆக்ஸல். காதில் விழுந்ததோ ஹார்ட்விக், ஹாரி. தப்பான புத்தகத்தை இறக்கிவிட்டேனோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். புத்தகம் சரிதான். மொழிபெயர்ப்புதான் வேறு.

இலவசம் என்றால் எதை எடுக்கிறோம் என்று பார்க்காமலே எடுப்போம். காசு கொடுத்து வாங்கும் புத்தகத்தின் முதல் பக்கத்தையாவது புரட்டுவோம். ஓசி ஒலிநூலில் அதுகூடக் கிடையாது, நேரே பிளே பட்டன்தான். இந்த விஷயத்தில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு இதுவே வேர்.

வெர்ன் விஷயத்தையே பார்ப்போம். அவர் எழுதியது பிரெஞ்சில். இலவசமாகக் கிடைக்கும் ஆங்கில ஒலிநூல்களில் நிறைய, காப்புரிமை முடிந்த பழைய மொழிபெயர்ப்புகளைத்தான் வாசிக்கின்றன. 1871இல் லண்டனில் வந்த ஒன்று பெயர்களை மாற்றியது போதாதென்று, மூலத்தில் இல்லாத காட்சிகளையும் சேர்த்துவிட்டது. 1877இல் வந்த மாலிசன் மொழிபெயர்ப்பு எவ்வளவோ நேர்மையானது. கண்டுபிடிப்பது சுலபம்: முதல் வாக்கியத்திலேயே 1863 மே 24 என்ற தேதி வந்தால் நம்பிக் கேட்கலாம். கதைசொல்லி பழைய நினைவுகளில் ஆழ்ந்தபடி தொடங்கினால் அது ஹார்ட்விக் வரும் 1871 மொழிபெயர்ப்பு, நிறுத்திவிடுங்கள்.

கேப்டன் நெமோவின் கடல் பயணத்தைச் சொல்லும் வெர்னின் இன்னொரு நாவலுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். மெர்சியர் என்பவரின் 1870களின் மொழிபெயர்ப்பு, மூலத்தில் ஏறத்தாழ கால்வாசியை வெட்டி எறிந்துவிட்டது. வெட்டுப்பட்டதில் கணிசமான பகுதி வெர்ன் பார்த்துப் பார்த்து எழுதிய அறிவியல். மிச்சம் இருந்ததிலும் கோளாறு. மூழ்குபவர் அணியும் உடைக்கு பிரெஞ்சில் இருந்த சொல்லை ‘தக்கைச் சட்டை’ என்று மாற்றிவிட்டார். தக்கை மிதக்கும். அதைப் போட்டுக்கொண்டு கடலடியில் எப்படி நடப்பது? வெர்ன் ஏதோ சிறுபிள்ளைகளுக்கு எழுதியவர் என்று ஆங்கில வாசகர்கள் ரொம்ப காலம் நினைத்ததில் இந்தச் சட்டைக்கும் பங்கு உண்டு. எஃப். பி. வால்டர் செய்த முழுமையான மொழிபெயர்ப்பு, புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆகவே எந்த ஒலிநூலாக இருந்தாலும் மொழிபெயர்ப்பாளர் யார் என்று பார்த்த பிறகே இறக்குங்கள்.

ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட நூல்களிலும் பதிப்புச் சிக்கல் உண்டு. மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைனுக்கு 1818 பதிப்பு ஒன்று, அவரே திருத்திய 1831 பதிப்பு ஒன்று. டார்வினின் உயிரினத் தோற்ற நூல் அவர் காலத்திலேயே ஆறு பதிப்பு கண்டது. ‘தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்’ என்ற தொடரைத் தேடி 1859 முதல் பதிப்பைக் கேட்டால் கிடைக்காது. அது 1869இன் ஐந்தாம் பதிப்பில்தான் நுழைந்தது.

அடுத்தது, ‘இலவசம்’ என்று போட்டதையெல்லாம் நம்புவது. 2005இல் மான்ட்ரியலில் ஹ்யூ மெக்வயர் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளத்தில் தன்னார்வலர்கள் வாசிக்கிறார்கள். காப்புரிமை தீர்ந்த நூல்களை மட்டும், அமெரிக்கச் சட்டப்படி. அங்கே பழைய நூல்களுக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு. அறிவியல் புனைகதை எழுதியவர்களில், 1946இல் இறந்த எச். ஜி. வெல்ஸ் நமக்கு எப்போதோ பொதுச்சொத்து. 1992இல் இறந்த அசிமோவ் அப்படியில்லை. அவருடைய நாவல்கள் எங்காவது ஓசியில் ஓடினால் அது பெரும்பாலும் திருட்டுப் பதிவுதான். அதற்காக 1950களின் கதைகள் எதுவுமே கிடைக்காது என்றும் முடிவு கட்ட வேண்டாம். 1964க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றுக்கு 28ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்காமல் விட்ட பத்திரிகைக் கதைகள் ஏராளம். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் பிலிப் கே. டிக்கின் ஆரம்பகாலச் சிறுகதைகள் சில இப்படித்தான் நம் காதுக்கு வந்து சேர்ந்தன.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. லிப்ரிவாக்ஸ் பதிவுகளும் பொதுச்சொத்து என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்து விற்கலாம். அதே கோப்புக்கு நான் ஒருமுறை ஒரு ஆப்பில் காசு கட்டியிருக்கிறேன்.

வாசிப்பவர் குரல் பிடிக்கவில்லை என்று புத்தகத்தையே விட்டுவிடுபவர்கள் உண்டு. வெல்ஸ் போன்றவர்களுக்கு ஒரே நூலுக்குப் பல பதிவுகள் இருக்கும், ஐந்து நிமிடம் கேட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பலர் பங்கிட்டு வாசித்ததா, ஒரே ஆள் வாசித்ததா என்றும் பாருங்கள். எனக்கு அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல் மாறினால் கதை ஒட்டாது. அப்புறம், டேட்டா கவலை இருந்தால் 64 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள சிறிய கோப்பே போதும், மணிக்கு 29 எம்பிதான்.

பழைய அறிவியலை இன்றைய அறிவியலாக எடுத்துக்கொள்வதும் தவறு, பழசு என்று ஒதுக்குவதும் தவறு. வெல்ஸின் 1895 காலயந்திரக் கதையில், மூன்று கோடி ஆண்டுக்கு அப்பால் சிவந்து மங்கிய சூரியன் தொங்குகிறது. சும்மா கற்பனை இல்லை. சூரியன் சுருங்கிச் சுருங்கித்தான் வெப்பம் தருகிறது, சில கோடி ஆண்டுகளில் ஆறிவிடும் என்பது அன்று இயற்பியலாளர் கெல்வின் போன்றோர் போட்ட கணக்கு. இன்றைய கணக்கில் சூரியனுக்கு இன்னும் சுமார் 500 கோடி ஆண்டு இருக்கிறது. நூல் வெளிவந்த ஆண்டைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தக் கடைசிக் கடற்கரைக் காட்சி இரட்டிப்பாகப் பிடிக்கும்.

கடைசியாக, எல்லா அறிவியல் நூலையும் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம் என்ற நினைப்பு. ஐன்ஸ்டைன் பொதுமக்களுக்காக எழுதிய சார்பியல் நூலை நான் அப்படித்தான் கேட்டேன். சமன்பாடுகளை ஒருவர் எழுத்தெழுத்தாக வாசிக்க, மூன்றாவது தட்டிலேயே தொலைந்துபோனேன். அதற்கு அச்சு நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபாரடேயின் மெழுகுவத்தி நூலுக்கு ஒரு மெழுகுவத்தி போதும். சிறுவர்களுக்காக அவர் நிகழ்த்திய ஆறு சொற்பொழிவுகள் அவை, 1861இல் நூலாயின. முதல் சொற்பொழிவில் ஒரு சோதனை வரும். அந்த இடத்தில் பதிவை நிறுத்திவிட்டு, சுடரை மெல்ல ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு இழை எழும்பும். எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், இரண்டு அங்குலம் மேலே அந்த இழையில் காட்டுங்கள். நெருப்பு இழை வழியாகவே கீழே ஓடித் திரியைப் பற்றிக்கொள்ளும். முதலில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிடுங்கள். எனக்கு நாலாவது குச்சியில்தான் பற்றியது.