லினக்ஸ் சர்வரின் நிலையைக் கணக்கெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய் எடுக்கிற சீசனில், புற்றடியில் ஏலம் நடக்கிற நாளாகப் பார்த்து, குமுளி ஏலக்காய்க் கடையிலிருந்து "சர்வர் ரொம்ப ஸ்லோ" என்று போன் வரும். போய், எந்த புரோகிராம் எவ்வளவு சிபியு, மெமரி எடுக்கிறது என்று காட்டும் டாப் கமாண்டைத் திறப்பதற்குள் எல்லாம் சரியாகிவிட்டிருக்கும். பிரச்சினை வந்த பிறகு எடுக்கிற எண்களால் பயன் குறைவு. நல்லபடியாக ஓடுகிற நாட்களின் பதிவும் கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். அதற்கு சிஸ்ஸ்டாட் என்ற லினக்ஸ் கருவித்தொகுப்பு போதும். வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்து வைக்கும். ஆனால் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அதை நிறுவினால் மட்டும் பதிவு தொடங்காது. அமைப்புக் கோப்பில் நாமே இயக்கிவிட வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

அதிகம் தவறாகப் படிக்கப்படுவது மெமரிதான். 16 ஜிபி ரேம் உள்ள மெஷினில் ஃப்ரீ கமாண்ட் அடித்தால், 'ஃப்ரீ' என்ற இடத்தில் 400 எம்பி என்று காட்டும். உடனே ரேம் வாங்கச் சொல்லிவிடுகிறார்கள். அதே வரியின் கடைசியில் 'அவைலபிள்' 11 ஜிபி என்று இருக்கும்! சும்மா கிடக்கிற ரேமில் லினக்ஸ் கோப்புகளை கேஷாக, அதாவது மறுபடி சீக்கிரம் எடுக்கத் தற்காலிக நகலாக, வைத்துக்கொள்கிறது. புரோகிராம் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது அவைலபிள். கூடவே விஎம்ஸ்டாட் கமாண்டில் ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) உள்ளே வெளியே போய் வருகிறதா என்றும் பாருங்கள். விஎம்ஸ்டாட்டின் முதல் வரியில் வருகிற வேகக் கணக்குகள் சர்வர் பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி. அதை விட்டுவிட்டு இரண்டாவது வரியிலிருந்து படியுங்கள். டிஸ்க்கின் வேகத்தைக் காட்டும் ஐஓஸ்டாட்டிலும் முதல் அறிக்கை இப்படித்தான்.

வேலை செய்கிற, முறைக்குக் காத்திருக்கிற புராசஸ்களின் (ஓடும் புரோகிராம்களின்) சராசரி எண்ணிக்கையான லோட் ஆவரேஜ் 12 என்றதும் சிபியு போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்து நிற்கிற புராசஸ்களும் அந்த எண்ணில் சேரும். சிபியு 90 சதவீதம் சும்மா இருந்தும் லோட் ஏறலாம். யூஎஸ்பி டிஸ்க்கில் பேக்கப் ஓடுகிற நேரத்தில் பார்த்தால் தெரியும்.

ஹார்ட்வேர் விவரத்துக்கு டிஎம்ஐடிகோட் கமாண்டை ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்ட வேண்டும். அப்படியும் அசெம்பிள் செய்த மெஷின்களில் சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்ட் பை ஓஈஎம்' (தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது) என்று வரும். போர்டில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரைப் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் வழி. டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணிக்கிற ஸ்மார்ட் சோதனை 'பாஸ்டு' என்றாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். ஸ்மார்ட் பட்டியலில் 5 (மாற்றப்பட்ட கெட்ட பகுதிகள்), 197 (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள்) என்ற இரண்டு எண்களுக்கு எதிரே உள்ள மூல மதிப்பு (ரா வேல்யூ) ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் டிஸ்க்கை மாற்ற யோசிக்க வேண்டியதுதான். 199 (கேபிளில் தரவு போகும்போது வரும் பிழைகள்) மட்டும் ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கிற டிஸ்க்குகளை, ஸ்மார்ட் விவரம் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டுக்குத் தனியாகச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம், எங்கள் மலைப்பக்கத்துக்கே உரிய ஒன்று. ஐப்பசி மழையில் சாயங்காலம் இடி இறங்கினால் கரண்ட் போகும், நெட்டும் போகும். யூபிஎஸ் தாங்காமல் சர்வர் அணைந்தால், லினக்ஸின் உள்மையம் (கர்னல்) எழுதும் டிமெசெஜ் பதிவு காணாமல் போய்விடும். வார் லாக் (/var/log) அடைவுக்குள் ஜர்னல் என்ற அடைவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் சிஸ்டம் பதிவான ஜர்னல் பெரும்பாலும் ரேமிலேயே நின்று அதோடு அழிந்துவிடும். போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி செத்திருந்தால் மறுபடி எழும்போது கடிகாரம் தப்பாக இருக்கும். நெட் வந்து கடிகாரம் சரியாகும்வரை பதிவுகள் தப்பான தேதியில் விழும். சேர்த்த பதிவை அதே சர்வரில் மட்டும் வைக்காமல், தினமும் ஒரு நகலை வேறு மெஷினுக்கு அனுப்பிவிடுங்கள்.