அட்டமைசரில் ஜூஸ் தேங்குகிறதா? பஞ்சை மட்டும் திட்டாதீர்கள்

இ-சிகரெட்டை இழுத்தால் கொரகொர என்று சத்தம், நாக்கில் சுடச்சுட ஒரு துளி ஜூஸ் (அதில் ஊற்றும் திரவம்), காற்றுத் துளை வழியே பிசுபிசுப்பு. கையால் காயில் (ஜூஸைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) சுற்றிப் பஞ்சு வைக்கிற டேங்க், அதாவது ஜூஸ் நிரப்பும் அட்டமைசர், வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. (இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாமே தடை, சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். ஆகவே இது பிரிட்டன் போல அனுமதி உள்ள இடங்களில் இருப்பவர்களுக்கு.)

உடனே பலரும் செய்வது, பஞ்சை இன்னும் கொஞ்சம் திணிப்பது. கசிவு நிற்கும், ஆனால் ஜூஸ் காயிலுக்கு வந்து சேராமல் பஞ்சு கருகித் தொண்டையை அறுக்கும். காயிலுக்குள் பஞ்சு லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும், அதன் வால்கள் ஜூஸ் வரும் வழியை இடைவெளி விடாமல் மூட வேண்டும், ஆனால் இறுகக் கூடாது. அவ்வளவுதான் பஞ்சின் வேலை.

மீதி வேலை காற்றுடையது. வீட்டில் கேன் தண்ணீரைக் கவிழ்த்து வைக்கிறோமே, ஏன் மொத்தமும் கொட்டிவிடுவதில்லை? மேலே காற்று புக வழியில்லை, கீழே தண்ணீர் குறைந்தால்தான் 'குளுக்' என்று ஒரு குமிழி ஏறும். கேனின் மேல்பக்கம் ஊசித்துளை விழுந்தால் போதும், தரையெல்லாம் தண்ணீர். டேங்கும் அப்படித்தான். மேல்மூடி ஓ-ரிங்கில் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) ஒரு வெட்டு இருந்தால் நீங்கள் எத்தனை முறை பஞ்சு மாற்றினாலும் வீண், அதனால் முதலில் ரிங்கைப் பாருங்கள்.

ஜூஸ் ஊற்றும்போதும் இதே கதை. மூடியைத் திருகும்போது உள்ளே காற்று அமுங்கி ஜூஸைக் கீழே தள்ளுகிறது. ஜூஸ் கன்ட்ரோல் (ஜூஸ் வரும் வழியைத் திறந்து மூடும் அமைப்பு) இருந்தால் அதை மூடிவிட்டு ஊற்றுங்கள். இல்லையென்றால் காற்றுத் துளையை அடைத்து, ஊற்றி மூடி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காற்றுத் துளையைத் திறங்கள்.

அப்புறம் இழுக்கும் விதம். காற்றுத் துளையைக் குறுக்கி வைத்துக்கொண்டு பழைய சிகரெட் ஞாபகத்தில் பலமாக உறிஞ்சினால், புகைக்கு முன்னால் ஜூஸ்தான் வரும். கருவியில் வைக்கும் வாட் (மின்திறன்) ரொம்பக் குறைவாக இருந்தாலும் வந்த ஜூஸ் ஆவியாகாமல் தேங்கும்.

ஜூஸ் ஓட்டையை டிரில் வைத்துப் பெரிதாக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். பெரிதாக்கியதைத் திரும்பச் சிறிதாக்க முடியாது. விஜி (வெஜிடபிள் கிளிசரின்) 70 சதவீதம் உள்ள கெட்டி ஜூஸுக்குச் சரியாக இருக்கும் அந்த ஓட்டையில், பாதிக்குப் பாதி பிஜி (புரொப்பிலீன் கிளைக்கால்) கலந்த தண்ணி ஜூஸ் நிற்கவே நிற்காது.

தேங்கிவிட்டால் பட்டனை அழுத்திக்கொண்டே எரித்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள், ஜூஸ் நடுப் பின் (டேங்கின் அடியில் உள்ள மின்முனை) வழியாகக் கருவிக்குள் இறங்கும். டேங்கைக் கழற்றி, காற்றுத் துளையை டிஷ்யூவால் சுற்றி, வாய்ப்பக்கமிருந்து ஊதுங்கள். பின்னைத் துடைத்துத் திரும்ப மாட்டி, ஓம் (காயிலின் மின்தடை) சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே பட்டனை அழுத்துங்கள். கையில் பட்ட நிகோடின் தோல் வழியே ஏறும், உடனே கழுவுங்கள், பாட்டிலைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

புதிதாகப் பஞ்சு வைத்த அன்று ஒரு மணி நேரம் டேங்கை மட்டும் டிஷ்யூ மேல் நிறுத்திப் பாருங்கள். ஈரவட்டம் விழுந்தால், பிரித்துத் திரும்ப ரிங்கிலிருந்து ஆரம்பியுங்கள்.