எல்.இ.டி. மேடை விளக்குகள் சீக்கிரம் பழுதாவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்.இ.டி. பல்லாயிரம் மணி நேரம் உழைக்கும் என்று சொல்வது பொய் இல்லை. சிப் அளவுக்கு மீறிச் சூடாகாத வரை உழைக்கும். அந்த நிபந்தனையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. முன்பு எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே பழுதுபார்க்கப் புதிதாக வருபவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கிறேன். ஃபியூஸ், பிளக் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும்.

வெப்ப சென்சாரை ஏமாற்றுவது

இது ஒன்றை மட்டும் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

“அரை மணி நேரம் நன்றாக எரிகிறது, அப்புறம் தானாக மங்கிவிடுகிறது” என்று ஒரு விளக்கு வரும். பல விளக்குகளில் எல்.இ.டி. போர்டின் மேல் சின்னதாக ஒரு வெப்ப சென்சார் இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதைப் பார்த்து கன்ட்ரோல் போர்டு ஃபேனை வேகமாகச் சுற்ற வைக்கும், வெளிச்சத்தைக் குறைக்கும், கடைசியில் அணைத்தேவிடும். அதாவது விளக்கு மங்குவது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

புதியவர் என்ன செய்கிறார்? சென்சார்தான் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண ரெசிஸ்டரை வைத்து சாலிடர் செய்துவிடுகிறார். அந்த சென்சார் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டுகிற வகை என்றால், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்த பிறகு போர்டுக்கு எப்போதுமே 25 டிகிரிதான். உள்ளே என்ன வெந்தாலும் அதற்குத் தெரியாது. விளக்கு பிரகாசமாக எரியும், “சரியாகிவிட்டது” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இப்படி ‘சரி’ செய்யப்பட்ட வாஷ் லைட்டுகள் (மேடை முழுக்க நிற வெளிச்சம் பரப்பும் விளக்குகள்) ஒரு செட்டாகவே என்னிடம் வந்தன. பலவற்றில் சிவப்பு மொத்தமாகப் போயிருந்தது. ஒரு நிறத்தின் எல்.இ.டி.கள் பெரும்பாலும் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று அறுந்தாலே அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். போர்டுகள் கருகியிருந்தன. அதே பெட்டிக்குள் வெந்த பவர் சப்ளைகளும் போய்விட்டன. முதலில் இருந்த கோளாறு என்ன தெரியுமா? புகை மெஷின் திரவத்தின் பிசுக்கும் தூசியும் சேர்ந்து ஃபேன் இறக்கையிலும் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கின் இடுக்குகளிலும் கம்பளி போலப் படிந்திருந்தது. பிரஷ்ஷும் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும் என்ற வேலை, போர்டு, பவர் சப்ளை எல்லாவற்றையும் மாற்றுவதில் முடிந்தது.

சென்சாரைச் சந்தேகித்தால் ஆறிய நிலையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். பிறகு லேசாகச் சூடேற்றுங்கள். அளவு சீராக இறங்கினால் சென்சாரில் குறை இல்லை. ஃபேன், ஹீட்சிங்க், போர்டுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனது, தளர்ந்த திருகு என்று வெப்பம் வெளியேறும் வழியைத் தேடுங்கள். சென்சார் உண்மையிலேயே கெட்டிருந்தால் அதே வகை சென்சாரையே போடுங்கள். “இன்றைய நிகழ்ச்சிக்கு மட்டும்” என்று கூட ரெசிஸ்டர் வேண்டாம். அந்த ஒரு நாள் ரெசிஸ்டரை அப்புறம் யாரும் கழற்றுவதில்லை.

எரிந்த எல்.இ.டி.யை மட்டும் மாற்றுவது

ஏன் எரிந்தது என்று தெரியாமல் புதியதை வைக்காதீர்கள்.

தெர்மல் பேஸ்டை அள்ளிப் பூசுவது

மெல்லிய படலம் போதும்.

டிம்மர் லைனில் செருகுவது

டிம்மர் என்பது விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து வெளிச்சத்தை மாற்றும் கருவி. அதன் வழியாக வரும் லைனில் எல்.இ.டி. விளக்கைச் செருகக் கூடாது. டிம்மரை நூறு சதவீதத்தில் வைத்தாலும் கூடாது.

காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது

ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கம்ப்ரெஸர் காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

கெப்பாசிட்டர் உப்பவில்லை, அதனால் நல்லது என்று நினைப்பது

உப்பாமலேயே உள்ளே காய்ந்துபோகும். பத்து டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. தொடக்கத்தில் மினுமினுத்து, சற்று நேரம் கழித்துச் சரியாகும் விளக்கில் முதலில் அதைச் சந்தேகியுங்கள். ஆனால் உடனே கை வைக்காதீர்கள். 230 வோல்ட் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்து, இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகே தொடுங்கள்.

மூவிங் ஹெட்டை வெயிலில் விடுவது

மூவிங் ஹெட் என்பது மோட்டாரால் தலை திரும்பும் மேடை விளக்கு. திறந்தவெளி மேடையில் பகலிலேயே விளக்கு மாட்டிவிடுவார்கள். லென்ஸ் சூரியனைப் பார்த்திருந்தால், அணைத்து வைத்த விளக்கு என்றாலும் வெயில் உள்ளே குவிந்து நிறம் மாற்றும் கலர் வீலையும் பிளாஸ்டிக் பாகங்களையும் பொசுக்கிவிடும். தலையைக் கீழே திருப்பி வையுங்கள், அல்லது வெளிச்சம் புகாத உறை போடுங்கள்.