எஸ்எம்சி குடும்ப மரம் வரையும்போது தவிர்க்க வேண்டியவை

புதிதாக ப்ராஜெக்டுக்கு வருபவர்களில் யாராவது ஒருவர் கோஹெசின், கண்டென்சின் (குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடிக்கும், சுருக்கும் எஸ்எம்சி புரதக் கூட்டங்கள்) பரிணாமத்தைப் பார்க்கிறேன் என்று கிளம்புவார். நல்ல ஆசைதான். ஆனால் எல்லாரும் விழுவது அதே பழைய குழிகளில். ஃபைல் பெயர் மாறிப்போவது போன்றவை தானாகவே பிடிபட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முழு அமினோ அமில வரிசையையும் அப்படியே போடுவது

இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். எஸ்எம்சி புரதத்தின் இரு முனைகளும் சேர்ந்து ஏடிபியை உடைக்கும் தலையாகின்றன. நடுவில் கீல். தலைக்கும் கீலுக்கும் இடையே சுமார் 50 நானோமீட்டர் நீளச் சுருள் கை. அந்தக் கை முழுக்க ஏழு அமினோ அமிலத்துக்கு ஒருமுறை திரும்பும் ஒரே தாளம்: முதலாவதும் நான்காவதும் நீரை வெறுப்பவை. மயோசின் வாலிலும் ட்ரோபோமயோசினிலும் இதே கதைதான். தாளம் ஒன்று என்பதற்காகப் பாடுகிறவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா?

ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் நிரலுக்கு அது தெரியாது. கிடைத்ததை வைத்துச் சுற்றுச் சுற்றாகத் தேடும் சை-பிளாஸ்டில் ஒரு மயோசின் உள்ளே வந்துவிட்டால், அடுத்த சுற்றில் அதன் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். ஒரு மாணவி கொண்டுவந்த மரத்தில் எஸ்எம்சி2-வுக்குப் பக்கத்துக் கிளையில் மயோசின் உட்கார்ந்திருந்தது. "பூட்ஸ்ட்ராப் 90-க்கு மேல இருக்கே சார்?" என்றார். இருக்கத்தான் செய்யும். அதே தரவிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தாலும் அதே கிளை வருகிறதா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்திய அமினோ அமில எழுத்துகள் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையா என்று கேட்காது. சர்வர் நேரமும் போயிற்று, ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமும் போயிற்று.

வாக்கர் ஏ இருக்கும் முன்தலை, வாக்கர் பி இருக்கும் பின்தலை (இரண்டும் ஏடிபியைக் கையாளும் குறுந்தொடர்கள்), கீல். இந்த மூன்றையும் வெட்டியெடுத்துத் தனித்தனியாக அலைன் செய்து (ஒத்த இடங்களை நேருக்கு நேர் நிறுத்தி), அப்புறம் ஒட்டுங்கள். கையைத் தூக்கிப் போடுங்கள். தூரத்து உறவான ரேட்50-ஐ வெளிக்குழுவாக (மரத்தின் வேரைக் காட்டும் ஒப்பீட்டுக் குழுவாக) வைத்தால் கீலையும் விட்டுவிட வேண்டும். அதற்கு அந்த இடத்தில் இருப்பது துத்தநாகக் கொக்கி.

கிடைக்காததை 'இல்லை' என்று எழுதுவது

ஜோடி சேர்ந்த இரு எஸ்எம்சிகளின் தலைகளையும் இணைக்கும் கிளைசின் (kleisin; glycine என்ற அமினோ அமிலம் அல்ல) புரதத்தில் பெரும்பாலும் முனைகள் மட்டும்தான் மாறாமல் நிற்கும். நடுப்பகுதி தளர்ந்த கயிறு. இ. கோலையின் முக்எஃப் ஒரு கிளைசின் என்பது 2005-இல் அதன் படிக அமைப்பு வந்த பிறகுதான் தெளிவானது. எச்எம்எம் தேடலும் (குடும்பத்தின் பொது மாதிரியை வைத்துத் தேடுவது) அமைப்பு ஒப்பீடும் முடியாமல் 'மரபணு இழப்பு' என்ற சொல்லை எழுதாதீர்கள்.

பெயரை நம்புவது

பிளவு ஈஸ்டில் ரேட்18 என்பது எஸ்எம்சி6-இன் பழைய பெயர். பேக்கரி ஈஸ்டில் ரேட்18 யுபிக்விட்டின் ஒட்டும் நொதி. இரண்டையும் ஒரே மரத்தில் பார்த்திருக்கிறேன்.

ஹாக், கைட் இரண்டையும் ஒரே அலைன்மென்டில் போடுவது

வேண்டாம். இரண்டும் கிளைசினோடு ஒட்டும் துணைப் புரதங்கள்தான், ஆனால் உறவில்லை. கோஹெசினிலும் கண்டென்சினிலும் உள்ள ஹாக் வேறு மடிப்பு. எஸ்எம்சி5/6-இலும் பாக்டீரியாவிலும் உள்ள கைட் வேறு மடிப்பு.

ஆல்ஃபாஃபோல்டில் ஆரஞ்சு நிறப் பகுதி

புரத வடிவத்தைக் கணிக்கும் அந்த நிரல், தன் கணிப்பில் நம்பிக்கை மிகக் குறைவு என்று காட்டும் நிறம் அது. அதை வடிவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.