அஜைலா, திட்டமிட்ட முறையா? ஒரு தாளை வைத்து முடிவெடுக்கும் வழி

புதிதாக டீம் லீட் ஆனவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இந்த புராஜெக்டை அஜைல்ல பண்ணலாமா, இல்ல பழையபடி பிளான் போட்டே பண்ணலாமா?" முழு புராஜெக்டுக்கும் ஒரே முறைதான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கேட்கிறார்கள். நான் பார்த்த வரையில், ஒரு புராஜெக்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகத்தான் முறையை முடிவு செய்ய வேண்டும். எப்படி என்று ஒரு உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரு சைவ ஓட்டலுக்கு பில்லிங் மென்பொருள். ஆறு பேர் கொண்ட குழு. நான் வேலை பார்த்ததுதான்.

முதலில் இரண்டு வார்த்தைகளையும் தெளிவுபடுத்திக்கொள்வோம். திட்டமிட்ட முறையில், என்ன வேண்டும் என்பதை முழுவதும் எழுதி, க்ளையண்டிடம் கையெழுத்து வாங்கி, அப்புறம் டிசைன், கோடிங், டெஸ்டிங் என்று வரிசையாகப் போவோம். இதை வாட்டர்ஃபால் என்றும் சொல்கிறார்கள். இந்த வரிசையைப் படமாகப் போட்டுக் காட்டிய அமெரிக்க மென்பொருள் நிபுணர் வின்ஸ்டன் ராய்ஸ், 1970-ல் எழுதிய அதே கட்டுரையில், இதை இப்படியே பின்பற்றுவது ஆபத்து என்றும் எழுதியிருக்கிறார். அஜைல் என்ற பெயர் 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடிப் பேசியபோது நிலைத்தது. சின்னதாகச் செய்து, பயன்படுத்துபவரிடம் காட்டி, அவர் சொல்வதை வைத்து அடுத்ததை முடிவு செய்வது அதன் சாரம்.

சரி, தாளை எடுங்கள்.

படி 1: வேலைகளைப் பிரித்து எழுதுங்கள்

"பில்லிங் மென்பொருள்" என்று ஒரே வரியில் எழுதினால் எதையும் முடிவு செய்ய முடியாது. நாங்கள் எழுதியது: வரிக் கணக்கு, பில் எண் வரிசை, டேபிள் வாரியாக ஆர்டர் எடுப்பது, சமையலறைக்கு ஆர்டர் சீட்டு அடிப்பது, சரக்கு இருப்பு, முதலாளிக்கான தினசரி ரிப்போர்ட், பழைய மென்பொருளிலிருந்து தகவலை மாற்றுவது. ஏழு வரிகள். பத்துக்கு மேல் போனால் மிகவும் பொடியாகப் பிரிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

படி 2: ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விகள்

இதை அப்புறம் மாற்ற நேர்ந்தால் எவ்வளவு செலவு? செய்து காட்டாமலே இதைப் பற்றி இப்போதே முழுதாகத் தெரிந்துகொள்ள முடியுமா?

வீடு கட்டியவர்களுக்கு முதல் கேள்வி உடனே புரியும். தளத்துக்கு கான்கிரீட் போடுவதற்கு முன்பே ஃபேன் எங்கே வரும், வயர் பைப் எப்படிப் போகும் என்று முடிவாகியிருக்க வேண்டும். போட்ட பிறகு மனம் மாறினால் தளத்தைக் கொத்த வேண்டியதுதான். சுவர் நிறம் அப்படி இல்லை. ஒரு பக்கம் அடித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் பட்டியலில் கான்கிரீட் எது? பில் எண் வரிசை. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும். இதை யாரிடமும் டெமோ காட்டித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, விதியிலேயே எழுதியிருக்கிறது. படித்து, எழுதி, ஆடிட்டரிடம் காட்டி, ஒரே தடவையில் சரியாகச் செய்ய வேண்டிய வேலை.

வரிக் கணக்கில்தான் நாங்கள் தடுக்கினோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-ல் வந்தது. ஏசி இல்லாத ஓட்டலுக்குப் பொதுவாக 12 சதவீதம், ஏசி ஓட்டலுக்கு 18. நாங்கள் அந்த எண்களை நேராக புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட்டோம். நவம்பர் 10-ல் ஜிஎஸ்டி கவுன்சில் இரண்டையும் 5 சதவீதமாக்கியது. நவம்பர் 15 முதல் அமல். நடுவில் ஐந்தே நாள். எண்ணை மாற்றுவது சுலபம்தான். ஆனால் மாற்றிய பிறகு, அக்டோபர் மாத பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் அதிலும் 5 சதவீதம் வந்தது! வரியை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதோடு தனி அட்டவணையில் வைத்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அடிக்கடி மாறுகிறது, அதனால் அஜைல்" என்று அவசரப்படாதீர்கள். விகிதம் மாறும், அதைத் தாங்கும் அமைப்பு மாறக்கூடாது. அந்த அமைப்பை முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்துத்தான் ஆக வேண்டும். 2025-ல் செப்டம்பர் 3 அன்று அறிவித்த புதிய விகிதங்கள் 22-ம் தேதி அமலுக்கு வந்தபோது, அட்டவணையில் சில வரிகள் சேர்த்ததோடு எங்கள் வேலை முடிந்தது.

எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம், சமையலறைச் சீட்டு. அறையில் உட்கார்ந்து அழகாக டிசைன் செய்தோம். இரண்டு வாரத்தில் ஒரு மாதிரியை ஓட்டலில் வைத்தோம். தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் செருகி வைத்த சீட்டு சூட்டில் கறுத்துப்போய் எழுத்தே தெரியவில்லை. தெர்மல் பேப்பர் சூடு பட்டால் கறுக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் சீட்டு எங்கே செருகப்படும் என்று யாரும் யோசிக்கவில்லை. ரிப்பன் வைத்து அடிக்கும் பிரிண்டருக்கு மாறினோம். தோசை மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார்: "பார்சல்னு இருந்தா அத மேலயே பெருசா போடுங்க தம்பி, தட்டுல வச்ச அப்புறம் பாத்து என்ன பிரயோஜனம்?" நூறு பக்க ரிக்வயர்மென்ட் எழுதியிருந்தாலும் இந்த இரண்டும் அதில் வந்திருக்காது. இப்படிப்பட்ட வேலைதான் அஜைலுக்கு உரியது.

படி 3: குழுவையும் க்ளையண்டையும் பாருங்கள்

பாரி போம், ரிச்சர்ட் டர்னர் என்ற மென்பொருள் நிபுணர்கள் இருவரும் 2003-ல் இதற்கு ஐந்து அளவுகோல்கள் சொன்னார்கள்: குழுவின் அளவு, பிழை வந்தால் என்ன இழப்பு, தேவைகள் மாறும் வேகம், ஆட்களின் அனுபவம், ஒழுங்கான நடைமுறை பிடிக்குமா சுதந்திரம் பிடிக்குமா என்ற குழுவின் பழக்கம். குழு பெரிது, பிழை வந்தால் உயிர் போகும் என்றால் திட்டமிட்ட முறையின் பக்கம் சாய வேண்டும்.

நான் இதோடு ஒன்று சேர்ப்பேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்ல க்ளையண்ட் தரப்பில் ஒரு ஆள் இருக்கிறாரா? பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் அஜைல் வெறும் பெயரளவில்தான் நடக்கும். எங்களுக்கு ஓட்டல் கேஷியர் கிடைத்தார். கூட்டம் குறையும் காலை பதினோரு மணிக்குத்தான் அவரைப் பிடிக்க முடியும். டெமோ நேரத்தையே அதற்கு ஏற்றபடி வைத்தோம்.

படி 4: தாளில் கோடு போடுங்கள்

இடது பக்கம் திட்டமிட்ட வேலைகள், வலது பக்கம் அஜைல் வேலைகள். எங்களுக்கு வரிக் கணக்கு, பில் எண், பழைய தகவல் மாற்றம் மூன்றும் இடது. மற்ற நான்கும் வலது. இடது பக்கத்துக்கு எழுத்தில் விவரம், கையெழுத்து, தேதி. வலது பக்கத்துக்கு ஒரு பேக்லாக் (இனி செய்ய வேண்டியவற்றின் பட்டியல்), இரண்டு வார ஸ்ப்ரின்ட் (அதில் கொஞ்சத்தை எடுத்து முடிக்கும் ஒரு சுற்று), கடைசியில் டெமோ.

இடது பக்க வேலையை முதலில் தொடங்குங்கள், ஆனால் அது முடியும் வரை வலது பக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். எங்களில் இருவர் வரிக் கணக்கில் இருந்தபோது மற்ற நால்வர் முதல் ஸ்ப்ரின்ட்டை முடித்தார்கள்.

படி 5: மூன்று ஸ்ப்ரின்ட் கழித்துத் தாளைத் திரும்ப எடுங்கள்

வலது பக்கத்தில் ஒரே விஷயத்தை மூன்று தடவை அடித்துத் திருத்தியிருந்தால், அதை நிறுத்தி, உட்கார்ந்து எழுதிவிட்டு அப்புறம் தொடருங்கள். எங்களுக்குச் சரக்கு இருப்பு அப்படி ஆனது. ஒரு கிலோ மாவுக்கு எத்தனை தோசை என்று மாஸ்டரும் முதலாளியும் ஒத்துப்போகவே இல்லை. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, கணக்கை எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, அதை இடது பக்கத்துக்கு மாற்றினோம்.