விடியற்காலையில் சமணர் மலை ஏறப் போகிறீர்களா?

மதுரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வெளிச்சம் வரத் தொடங்கும்போதே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். எட்டு மணிக்குள் கீழே இறங்கிவிடுவது நல்லது.

ஏறும்போது மூச்சுதான் வாங்கும். முழங்காலுக்குச் சோதனை இறங்கும்போதுதான். இறங்குவதற்கு முன் ஷூ லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் சரிவில் விரல்கள் முன்னால் போய் முட்டி, நகம் கன்றிப்போகும். முழங்காலை லேசாக மடித்து, பாதம் முழுவதும் பாறையில் பதியும்படி சின்னச் சின்ன அடியாக வையுங்கள். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் திரும்பி இறங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பாறையில் கறுப்பாகத் தெரியும் ஈரத்தடங்களில் கால் வைக்காதீர்கள். அது பாசி, வழுக்கிவிடும்.

அப்புறம், டார்ச் கட்டாயம் வேண்டும். வழிக்கு மட்டுமல்ல. மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில், சமண சமய குருமார்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்களுக்குக் கீழே, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. நேராக வெளிச்சம் அடித்தால் வெறும் கல்தான் தெரியும். டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், நிழல் விழுந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட எழுத்து அது, தயவுசெய்து கையால் தடவ வேண்டாம்.

தண்ணீர் அரை லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். காலி பாட்டிலைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.