முதல் டிரிப் போடப் போகிறீர்களா? ட்ரேயிலிருந்து தொடங்குவோம்

நர்சிங் படிக்கும்போது முதன்முறையாக வார்டு போஸ்டிங்குக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "நரம்பு கிடைக்கலைன்னா என்ன பண்றது அக்கா?" என்பதுதான். (வார்டில் நரம்பு என்று சொல்வது ரத்தம் ஓடும் சிரையைத்தான்.) ஊசி குத்துகிற அந்த அரை நிமிடம்தான் அவர்கள் மனம் முழுக்க. ஆனால் வார்டில் இத்தனை வருடம் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் குத்தும் இடத்தில் நடந்தவை அல்ல. லேபிளைப் படிக்காமல் பாட்டிலை எடுத்ததிலும், தொங்கவிட்டபின் திரும்பிப் பார்க்காததிலும் நடந்தவை. அதனால் இங்கே குத்துவதைச் சுருக்கமாகவும், அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை விரிவாகவும் எழுதுகிறேன். இது மாணவர்களுக்கானது, வீட்டில் யாரும் முயல வேண்டாம். மாணவர்களும் சீனியர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் செய்யுங்கள்.

படி 1: பாட்டிலைப் படியுங்கள்

முதலில் கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியிருப்பதைப் பாருங்கள்: எந்தத் திரவம், எத்தனை மி.லி., எத்தனை மணி நேரத்தில். அப்புறம்தான் அலமாரிப் பக்கம் போக வேண்டும். பாட்டில்கள் எல்லாம் ஒரே உருவத்தில் இருக்கும், உள்ளே இருப்பதும் தண்ணீர் போலவே தெரியும். லேபிள் ஒன்றுதான் வித்தியாசம்.

என்.எஸ். என்பது 0.9% உப்புக் கரைசல். 500 மி.லி. பாட்டிலில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. பெரும்பாலான மருந்துகளைக் கரைக்கவும், லைனை (நரம்புக்குப் போகும் குழாயை) கழுவவும், ரத்தம் ஏற்றும்போது அதே லைனில் ஓடவும் இதுதான். ஆர்.எல். என்றால் ரிங்கர் லாக்டேட். சோடியத்தோடு பொட்டாசியம், கால்சியம், லாக்டேட்டும் அதில் உண்டு. வயிற்றுப்போக்கு, தீக்காயம், ஆபரேஷன் கேஸ்களில் அதிகம் பார்ப்பீர்கள். அந்தக் கால்சியத்தை மட்டும் மறக்காதீர்கள். செஃப்ட்ரையாக்சோன் ஊசி மருந்தை ஆர்.எல்.லோடு கலந்தால் கால்சியத்துடன் சேர்ந்து துகள்களாகப் படிந்துவிடும். ரத்தப் பையோடும் ஆர்.எல்.லை ஓட்டக் கூடாது.

டி5 என்பது 5% டெக்ஸ்ட்ரோஸ். "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர், தெம்பா இருக்கும்" என்று உறவினர்கள் கேட்பது இதைத்தான். 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய ஐந்து டீஸ்பூன். வாயால் சாப்பிட முடிகிறவருக்கு இட்லியும் கஞ்சியும் இதைவிட அதிகம் தரும். இதைப் பொறுமையாக விளக்கிச் சொன்னால் மக்கள் புரிந்துகொள்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். டி5-ஐ ரத்தம் போகும் லைனில் விடக் கூடாது, சிவப்பணுக்கள் உடையும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயினையும் டி5-இல் கலக்கக் கூடாது, படிந்துவிடும், அதற்கு என்.எஸ். தான்.

டி.என்.எஸ். என்றால் டெக்ஸ்ட்ரோஸும் உப்பும் சேர்ந்தது. பெயரில் ஒரே ஒரு எழுத்துதான் கூடுதல் என்பதால் அவசரத்தில் என்.எஸ். என்று எடுத்துவிடுவோம். சர்க்கரை நோயாளிக்கு அந்த ஒரு எழுத்து பெரிய விஷயம்.

லேபிளைப் படித்தபின் எக்ஸ்பயரி தேதி. அப்புறம் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துத் தலைகீழாக்கிப் பாருங்கள். துகள் மிதக்கிறதா, கலங்கியிருக்கிறதா, அழுத்தினால் எங்காவது கசிகிறதா? சந்தேகம் வந்தால் அந்தப் பாட்டிலைத் தனியே வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

படி 2: ட்ரே

கையைக் கழுவிவிட்டு எடுத்து வையுங்கள்: ஐ.வி. செட் (பாட்டிலிலிருந்து வரும் நீளக் குழாய்), நரம்புக்குள் தங்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயான கேன்யுலா இரண்டு (முதல் முயற்சி தவறினால் ஓட வேண்டாம்), டூர்னிக்கெட் (கையில் இறுக்கிக் கட்டும் பட்டை), ஸ்பிரிட் ஸ்வாப், கையுறை, 5 மி.லி. சிரிஞ்சில் என்.எஸ்., பிளாஸ்டர், கிட்னி ட்ரே, பயன்படுத்திய ஊசியைப் போடும் வெள்ளை டப்பா. டப்பா கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கையில் ஊசியோடு வார்டைக் கடந்து நடப்பது ஆபத்து.

கேன்யுலாவை வார்டில் பலர் வென்ஃப்ளான் என்றே சொல்வார்கள். அது ஒரு பிராண்டின் பெயர். அதன் தடிமனைக் குறிக்கும் எண் (கேஜ்) பெரிதானால் குழாய் சிறியது. 16 சாம்பல், 18 பச்சை, 20 பிங்க், 22 நீலம், 24 மஞ்சள். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 20, முதியவர்களின் மெல்லிய நரம்புக்கு 22, குழந்தைகளுக்கு 24. விபத்து, பிரசவ ரத்தப்போக்கு என்றால் 18 அல்லது 16. குழாயின் ஆரம் இரண்டு மடங்கானால், கணக்குப்படி ஓட்டம் 16 மடங்காகும். அவசரத்தில் பெரிய கேன்யுலாவைக் கேட்பது அதனால்தான்.

எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சிரிஞ்ச் ஊசியின் நிற வரிசை வேறு. ஊசியில் பிங்க் என்றால் 18, கேன்யுலாவில் பிங்க் என்றால் 20. ஊசியில் பச்சை 21, கேன்யுலாவில் பச்சை 18. ஒன்றின் நிறத்தை வைத்து மற்றொன்றை ஊகிக்காதீர்கள், உறையில் எண்ணைப் படியுங்கள்.

படி 3: செட்டில் காற்றை எடுப்பது

செட்டைப் பிரித்ததும் ரோலரை (ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்தை) முழுதாக மூடுங்கள். இதை மறந்தால் குத்தியவுடன் திரவம் பாய்ந்து குழாய் முழுக்கக் குமிழியாகிவிடும். பாட்டிலின் ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, ஸ்பைக்கை (செட்டின் கூர்முனையை) நேராக ஏற்றுங்கள். பாட்டிலைத் தொங்கவிட்டு, சொட்டு விழும் சின்ன அறையான டிரிப் சேம்பரைப் பிழிந்து பாதி நிரப்புங்கள். பிறகு ரோலரை மெதுவாகத் திறந்து குழாயின் நுனி வரை திரவம் வரவிட்டு மூடுங்கள். இடையில் குமிழி நின்றால் குழாயை விரலால் தட்டினால் மேலே ஏறிவிடும்.

கெட்டியான பாட்டிலில் ஓட்டம் நின்றால், செட்டில் உள்ள காற்றுத் துளையின் சின்ன மூடியைத் திறந்து பாருங்கள். அதைச் செய்யாமல் பாட்டிலின் தலையில் ஒரு ஊசியைக் குத்தி வைக்கும் பழக்கத்தை நானும் மாணவியாக இருந்தபோது ஒரு வார்டில் கற்றேன். விட்டுவிட வெகு நாளாயிற்று. வார்டின் தூசியும் கிருமியும் நேராக ரத்தத்துக்குப் போக அந்தத் துளை போதும். தயவுசெய்து கற்றுக்கொள்ளாதீர்கள்.

பாட்டிலில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கச் சொல்லியிருந்தால், சீனியர் ஒருவரையும் ஆம்பியூலை (சின்ன மருந்துக் குப்பியை) படிக்கச் சொல்லுங்கள். 15% உள்ள 10 மி.லி. ஆம்பியூலில் ஏறக்குறைய 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம். அதை நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். ஊசி மருந்து கரைக்கும் தண்ணீரின் ஆம்பியூலும் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் சேர்க்காதீர்கள், மருந்து அடியில் தங்கி முதலில் அதுவே இறங்கும். தொங்கவிடும் முன்பே சேர்த்து, பல முறை தலைகீழாகப் புரட்டுங்கள். என்ன சேர்த்தீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைப் பிளாஸ்டரில் எழுதி ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் மேலேயே மார்க்கரால் எழுத வேண்டாம்.

படி 4: கேன்யுலா

பேஷண்டின் பெயரை அவர் வாயால் சொல்லக் கேளுங்கள், கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்றும் கேளுங்கள். முழங்கை மடிப்பை விட்டு, முன்கையில் நேராக ஓடும் நரம்பைத் தேடுங்கள். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிக் கண்டுபிடிப்பது நல்லது. டூர்னிக்கெட் கட்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, அரை நிமிடம் காயவிட்டு, துடைத்த இடத்தை மறுபடி தொடாமல் 15 முதல் 30 டிகிரி சாய்வில் நுழையுங்கள். பின்பக்கம் ரத்தம் தெரிந்ததும் சாய்வைக் குறைத்து, பிளாஸ்டிக் குழாயை மட்டும் முன்னே தள்ளுங்கள். டூர்னிக்கெட்டை அவிழ்த்தபின் ஊசியை எடுங்கள். எடுத்த ஊசியைக் குழாய்க்குள் திரும்ப விடவே கூடாது. குழாய் அறுந்து துண்டு ரத்தத்தில் போய்விடும். என்.எஸ். விட்டுப் பாருங்கள், வீங்காமல் வலிக்காமல் போனால் சரி. செட்டை இணைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். இரண்டு முறை தவறினால் சீனியரைக் கூப்பிடுங்கள்.

படி 5: சொட்டுக் கணக்கு

செட்டின் உறையில் ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று இருக்கும். பெரியவர்களுக்கான செட் பெரும்பாலும் 20, மைக்ரோ செட் 60. மொத்த மி.லி.யை அந்த எண்ணால் பெருக்கி, நிமிடங்களால் வகுங்கள். 500 மி.லி. 4 மணி நேரத்தில் போக வேண்டும், செட் 20 என்றால்: 500 × 20 = 10,000; அதை 240-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிக்கு எண்ணினால் பத்து, பதினொன்று வர வேண்டும். மைக்ரோ செட்டில் கணக்கே வேண்டாம். மணிக்கு 50 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 50 சொட்டு.

பாட்டிலின் பக்கத்தில் நீளமாகப் பிளாஸ்டர் ஒட்டி மணிகளைக் குறியுங்கள். 11 மணிக்குத் தொடங்கினால் 12-க்கு 375 மி.லி. மீதி, 1 மணிக்கு 250 மீதி. பேஷண்ட் கையை மடக்கினாலும், கட்டிலை உயர்த்தினாலும் சொட்டு மாறும். அதனால் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

1832-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரைச் சேர்ந்த தாமஸ் லாட்டா என்ற டாக்டர், காலராவில் உயிர் போகும் நிலையில் இருந்த ஒரு மூதாட்டிக்கு உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றினார். குழி விழுந்த கண்கள் தெளிந்து, நாடி திரும்பியது. லாட்டா களைத்துப்போய், அங்கிருந்த டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். வயிற்றுப்போக்கு மறுபடி தொடங்கியது. யாரும் மறுபடி ஏற்றவில்லை. சில மணி நேரத்தில் மூதாட்டி இறந்தார். ஒவ்வொரு முறை பாட்டிலைத் தொங்கவிட்டு நகரும்போதும் எனக்கு அந்த மூதாட்டி நினைவுக்கு வருகிறார்.

பார்க்கும்போது சொட்டை மட்டும் எண்ணாதீர்கள். குத்திய இடம் வீங்கிக் குளிர்ந்திருந்தால் திரவம் வெளியே போகிறது. சிவந்து சுட்டால் சிரை அழற்சி. இரண்டிலும் டிரிப்பை நிறுத்தி கேன்யுலாவை எடுக்க வேண்டும். மூச்சு வாங்கினால், உடல் நடுங்கினால், உடம்பெல்லாம் தடித்தால் உடனே ரோலரை மூடிவிட்டு டூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். கேன்யுலாவை மட்டும் அப்போது எடுக்காதீர்கள், அவசர மருந்துக்கு அந்த வழிதான் வேண்டும்.

படி 6: முடிந்தபின்

ஊசிக்கு மூடி போட முயலாதீர்கள், அப்படியே வெள்ளை டப்பாவில். ஐ.வி. செட்டும் பிளாஸ்டிக் பாட்டிலும் சிவப்புத் தொட்டியில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், கண்ணாடி ஆம்பியூல் நீலத்தில். 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்வது இதுதான். குப்பையைக் கையாளும் அக்காவின் விரலும் விரல்தானே.

கேஸ் ஷீட்டில் திரவத்தின் பெயர், அளவு, தொடங்கிய நேரம், சொட்டு வேகம், கேன்யுலா எண், எந்தக் கை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டூட்டி மாறும்போது அடுத்து வரும் சிஸ்டரைக் கட்டில் பக்கம் அழைத்துப்போய், பாட்டிலைக் காட்டி, "இன்னும் 250 மி.லி. இருக்கு சிஸ்டர், 3 மணிக்கு முடியும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.